தொடாமல் எடுத்த தூசி

2024 ஜூலை 10, புதன்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்து, பல் தேய்த்து, காப்பி குடித்து, ஆறு மணிக்கு கார் நிற்கும் முன்வாசலுக்கு வந்துவிட்டேன். புதனும் ஞாயிறும் நான் கார் கழுவும் நாட்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் பெயிண்டில் வெள்ளைப் பொட்டுகள் விழும். அதனால் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை முந்தின நாளே இரண்டு வாளிகளில் பிடித்து வைத்துவிடுவேன்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதம் அது. நிலக்கரி லாரிகள் போகும் ரோடு எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் பானெட்டில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியைத் துணியால் துடைக்கக் கூடாது. பார்ப்பதற்கு மாவு மாதிரி இருக்கும். துணிக்கு அடியில் போனால் உப்புத்தாளைப் போலத் தேய்க்கும். எதிர் வீட்டுக்காரர் பழைய பனியனால் துடைத்துத் துடைத்தே தன் சிவப்புக் காரை மங்க வைத்திருந்தார். முன்பெல்லாம் நான் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்குவேன். அதில் நல்ல தண்ணீர் வீணாகிறது என்று அந்த ஜனவரியில்தான் கையில் பிடிக்கும் ப்ளோவர் ஒன்று வாங்கினேன். கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழாக ஊதி, தூசி முழுக்கப் போன பிறகே ஷாம்பு. மாதம் ஒருமுறை வேக்ஸ். கருநீலப் பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது.

எதிர் வீட்டுக்காரர் இழுவைக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றும் பால் வாங்கப் போகிற வழியில் நின்றார்.

"என்னவே, வண்டியப் பொண்ணு பாக்க வாராவளா?"

"உம்ம வண்டியத்தான் பாத்தாவ. மங்கிப் போச்சுன்னு இங்கன வாராவ" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

ஆறு இருபதுக்கு என் மனைவி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பேச்சு வரவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது. இன்ஹேலரை நான்கு முறை அழுத்தியும் அடங்கவில்லை. பாதி ஊதிய காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆக்ஸிஜன் வைத்தார்கள். பத்து மணிக்கு மேல்தான் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொன்னாள்: பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாச்சா என்று. அவள் ஆசிரியை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

மதியம் டாக்டர் என்னை வெளியே அழைத்தார். சாம்பிராணியை நிறுத்தி, பஞ்சு மெத்தையை எடுத்து, எல்லாம் செய்தும் இந்த வருடம் மூன்றாவது முறை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். இந்த ஊர்க் காற்றே ஒத்துவரவில்லை போலிருக்கிறது. வேலையை விட்டு வேறு ஊருக்குக் கூட்டிப்போவதைப் பற்றி யோசியுங்கள் என்றார். மூச்சு முட்டும் நேரங்களைக் குறித்து வைக்கச் சொல்லியிருந்த டைரியை மறுநாள் கொண்டுவரவும் சொன்னார். நான் உள்ளே வந்து சொன்னதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு மாதம்கூட வெளியே தங்கியதில்லை.

நாலு மணிக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். டைரியையும் எடுத்தேன். இடது பக்கத்தில் கார் வேலை, வலது பக்கத்தில் அவள் மூச்சு. இரண்டையும் நான்தான் எழுதினேன். சேர்த்துப் படித்தது அன்றுதான். ப்ளோவர், ஆறு ஐந்து. திணறல், ஆறரை. அடுத்த பக்கத்திலும் அப்படியே. மழையால் கார் கழுவாத ஒரு ஞாயிற்றில் வலது பக்கம் காலி. இந்த வருடம் வீட்டுக்குள் புதிதாக என்ன வந்தது என்று டாக்டர் முன்பு கேட்டிருந்தார். ப்ளோவர் வெளியே புழங்கும் சாமான். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

சமையலறை ஜன்னல் முன்வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. காரிலிருந்து நான் கிளப்பிய அத்தனையையும் கச்சான் காற்று அதற்குள் தள்ளியிருக்கிறது. கம்பியைத் தொட்டேன். விரல் கறுத்தது. அரிசிப் பானையின் மூடியிலும் அதே கறுப்பு.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அவளிடம் சொன்னேன். தனக்குத் தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள்.

"அந்த முக்கா மணி நேரந்தான் வீட்ல நீங்க யாரையும் கொறை சொல்லாம இருக்கீய. அதான் ஜன்னல மட்டும் சாத்திக்கிட்டேன். அது போதும்னு நெனச்சேன்."

மாஸ்க்கை அவளே மறுபடி போட்டுக்கொண்டாள். அந்த ஜன்னல் கதவின் அடியில் அரை விரல் இடைவெளி இருப்பது எனக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தச்சரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஏழரைக்கு வந்த டாக்டர் அவளுடைய நாடியைப் பிடிப்பதற்கு முன்பே, டைரியைத் திறந்து புதன்களையும் ஞாயிறுகளையும் காட்டினேன். அவர் இரண்டு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார். காரைத் துடைக்க ஆள் வைத்திருக்கிறீர்களா, யார் இப்படி ஊதுவது என்று கேட்டார். நான்தான் என்றேன்.