தந்தி வேண்டாம் என்றேன்

எழுபத்தைந்து மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவில், எங்கள் டாக்குரியா வீட்டில் இருந்தது நாலு பேர்: நான், என் மனைவி கமலா, அண்ணி முறையில் பௌதி என்று நாங்கள் கூப்பிடும் மாடி வீட்டு மீரா பௌதி, கிடர்பூர் துறைமுகத்தில் ரிப்பேருக்கு நின்ற கப்பலின் எஞ்சின் ஆள் ஆசாத். ஆசாத் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் வழியாகவே கறுப்பு டீயை உறிஞ்சினார். கமலா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எந்த ஊர் என்று பௌதி கேட்டார். குர்திஸ்தான் என்றார். அது ஈராக்கா, ஈரானா?

"மலை எங்களுது. சர்க்கார் அவங்களுது," என்றார் உடைந்த இந்தியில்.

ஈராக்கில் அவர்கள் பகுதிக்குச் சுயாட்சி என்று எழுதிக் கொடுத்தார்களாம். பிறகு சண்டை. பக்கத்து ஈரான் துப்பாக்கி கொடுத்து முதுகில் தட்டியது. இப்போது ஆற்று எல்லை ஈரானுக்குத் தோதாக அமைந்ததும் இரண்டு சர்க்காரும் சமாதானம். ஈரான் கையை உதறிவிட்டது. எல்லையையும் மூடப்போவதாக ரேடியோவில் கேட்டிருக்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஈராக் பக்கம், அண்ணன் ஈரான் பக்கம். மூடுவதற்குள் போய்க் கூட்டிவரச் சொல்லி அண்ணனுக்குத் தந்தி அடிக்க வேண்டும். அதற்குத்தான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் என்னைத் தேடி வந்திருந்தார்.

நான் எட்டாவதோடு நின்றவன். தந்தி என்றாலே சாவுச் சேதி என்று வளர்ந்தவன். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லவா வேண்டும், பிரிக்கிறதுக்கு முன்னாலேயே ஒப்பாரி வைக்கிற ஜனங்கள் நாம். இந்த வேலை கிடைத்த சேதியைச் சீர்காழிக்குத் தந்தியில் சொல்லப்போய், அம்மா மயங்கி விழுந்து மண்டையில் தையல் போட்டார்கள்.

"தந்தி வேண்டாம் பாய். அண்ணன் பயந்துபோயிடுவார். ஏர்மெயில் போடுங்க," என்றேன்.

பௌதி கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர். என்னை அண்ணா என்ற அர்த்தத்தில் தாதா என்பார். "ஏன் தாதா, உங்க போஸ்ட்மேன் வர்ற வரைக்கும் பார்டர் காத்திட்டிருக்குமா?"

ஆசாத் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தது என் வீட்டில். என் பேச்சைத்தான் கேட்டார்.

கப்பல் போன பிறகு, ஆசாத் கொடுத்திருந்த என் விலாசத்துக்கு அவர் அண்ணனின் பதில் வந்தது. ஃபார்ஸி தெரிந்த கிடர்பூர் மௌல்வி படித்துச் சொன்னார். ஆசாத்தின் ஏர்மெயில் அண்ணன் கைக்கு வந்தபோது எல்லை மூடி ஆறு நாளாம். மனைவியும் பிள்ளைகளும் ஈராக் பக்கமே. கடைசி வரியை மௌல்வி மெதுவாகப் படித்தார்: "தந்திக்குக் காசில்லையா, தம்பி?"

காசு இருந்தது. அதைத்தான் அந்த அண்ணனுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அனுப்புநர் இடத்தில் டாக்குரியா என்று எழுதுகிறேன். அதை அடித்துவிட்டுச் சீர்காழி என்று எழுதுகிறேன். தந்தியைத் தடுத்தவன் இதில் எந்த ஊர்க்காரன் என்று எனக்கே தெரியவில்லை.