பதினேழாம் வரிசையில் காற்றுக் குறைந்தபோது

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. பலெர்மோவின் கபோ சந்தையில் மீன்காரன் சிரித்துக்கொண்டே நிறுத்துத் தந்தால், பையைக் கையில் தூக்கி இன்னொரு தடவை எடை பார்ப்பேன். அன்று பலெர்மோவில் இருந்து ஜெர்மனிக்கு விமானம் ஏறியபோது சந்தேகப்பட உண்மையான காரணமும் இருந்தது. மனைவியின் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி அட்டை, காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்ததற்கான தபால்கந்தோர் ரசீது மட்டும்தான் கையில். அதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் இருக்கலாம், ஜெர்மனிக்குப் போகக்கூடாது. பிடிபட்டால் புது அட்டை வருமோ வராதோ. ஆனால் ஜெர்மனியில் அவளுடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு. போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஆரும் என்ன கேட்டாலும் நான் கதைக்கிறன். நீர் பேசாமல் இரும்," என்றேன்.

"ஓம், ஓம். நீங்கள் முழிக்கிற முழியிலயே பிடிச்சுப்போடுவாங்கள்," என்றாள்.

பதினேழாம் வரிசை. அவள் யன்னலோரம், நான் பக்கத்தில். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் கோப்பித் தள்ளுவண்டி வந்தது. எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் வந்தபோது முன்பக்கத்தில் மணி ஒன்று ஒலித்தது. பணிப்பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வண்டியை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். விற்க வந்தவர்கள் விற்காமல் திரும்புவதை நான் அன்றுதான் கண்டேன். எனக்கு மூக்கில் வியர்த்தது.

காது அடைத்தது. முன் இருக்கைப் பிள்ளையின் சிப்ஸ் பை வெடிக்கப்போவதுபோல் ஊதிக் கிடந்தது. அதையெல்லாம் கண்டேன், ஒன்றையும் யோசிக்கவில்லை. விமானியின் குரல் கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல் வந்தது. தொழில்நுட்பக் காரணத்தால் பலெர்மோவுக்குத் திரும்புகிறோம், பயப்பட ஒன்றுமில்லை. நான் வளர்ந்த ஊரில் ஒலிபெருக்கியில் பயப்பட வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் சாமான் கட்டத் தொடங்கிவிடுவோம். விமானம் மூக்கைக் கவிழ்த்து இறங்கியது. எங்களைப் பிடித்துக் கொடுக்கத்தான் திரும்புகிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒரு ரசீதுக்காக ஒரு விமானத்தையே திருப்புவார்களா என்று அப்போது புத்தியில் படவில்லை.

இறக்கம் நின்று விமானம் நேரானதும், பணிப்பெண் ஒருத்தி தோளில் சிறிய உருளை ஒன்றை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தாள். ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள். எங்களிடம் வந்ததும் என் பெயரைக் கேட்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். பிறகு விரல்களை விரிக்கச் சொல்லி நகங்களைப் பார்த்தாள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமைக் கந்தோரில் கைரேகை எடுக்கும்போதுதான் இப்படி விரிக்கச் சொல்வார்கள். அவள் யன்னல் பக்கம் காட்டி, "இவர்?" என்றாள்.

மனைவி கண்களை மூடித் தலையைச் சாய்த்திருந்தாள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

"நித்திரை," என்றேன் இத்தாலியில். "இரவு வேலை செய்தவள். எழுப்ப வேண்டாம்."

பச்சைப் பொய். கால்சாப் பக்கம் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் அவளுக்குக் காலையில்தான் வேலை.

பணிப்பெண் நான் சொன்னதை நம்பவில்லை. என்னைத் தாண்டிக் கையை நீட்டி, மனைவியின் தோளைக் கிள்ளினாள். உரத்துக் கூப்பிட்டாள். அசைவில்லை. மறு நொடியே உருளையின் முகமூடி மனைவியின் வாயில் இருந்தது. அப்போதுதான் நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறம். அவளுக்கு இரத்தம் காணாது, மூன்று மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அந்த நேரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

தரை இறங்கும்வரை பணிப்பெண் பக்கத்திலேயே இருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள். விமானத்துக்குள் காற்றழுத்தம் மெல்லமெல்லக் குறைந்ததாம், தலைக்கு மேலே இருக்கும் முகமூடிகள் விழும் அளவுக்கு இல்லையாம். முதலில் விமானிகள் தங்கள் முகமூடியைப் போடவேண்டும், அதனால்தான் அந்தக் குரல். பிறகு மனிதர் மூச்சுவிடக்கூடிய பத்தாயிரம் அடிக்கு இறக்கவேண்டும். அதன் பிறகு அவர்கள் ஒட்சிசனோடு நடந்து ஒவ்வொருவராகப் பார்க்கவேண்டும். கேள்விக்குத் தடுமாறுகிறவரை, நகம் நீலமானவரை.

"நித்திரை கொள்ளுகிறவரை நம்பவே கூடாது," என்றாள். "எழுப்பித்தான் பார்க்கவேண்டும்."

பலெர்மோவில் அம்புலன்ஸ் காத்து நின்றது. தாதி மனைவியின் பத்திரம் கேட்டாள். காலாவதியான அட்டையையும் ரசீதையும் எடுத்துக் கொடுத்தேன். தாதி பெயரையும் பிறந்த நாளையும் எழுதிவிட்டுத் திருப்பித் தந்தாள். திகதியை அவள் பார்க்கவேயில்லை. அப்போதும் நான், எங்கேயாவது படம் எடுக்கிறாளா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

தாதி சாரதியோடு கதைக்கப் போனாள். மனைவி கண்ணைத் திறந்திருந்தாள். உதட்டுக்கு நிறம் வந்திருந்தது.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"பரவாயில்லை," என்று முகமூடியை விலக்கினாள்.

"நான் நித்திரை கொள்ளேல்லை. கை காலை அசைக்க ஏலாமல்தான் கிடந்தன். நீங்கள் அந்தப் பணிப்பெண்ணுக்குச் சொன்னது முழுக்கக் கேட்டுது."