பின்னல் நூலுக்கு உருளை ஆகாது

பஞ்சை இழை இழையாகப் பிரித்து, ஒரு துணுக்கை ஈர்க்குச்சியின் நுனியில் சுற்றி, வளையத்துக்குள் விட்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றுகிறாள் சவுரியம்மாள். பஞ்சு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் வளையம் இடப்பக்கத் தட்டுக்குப் போகும். ஒற்றை இழை எங்காவது மாட்டி நின்றால் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வளையத்தைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகுவாள். திருகும்போது ஒரு பெருமூச்சு வரும். விடியற்காலை நாலரைக்கு எழுந்த உடம்பு.

தூண்டில் கம்பின் மேல் வரிசையாக உட்காருகிற வளையங்கள் இவை. ஏரியில் கெளுத்தி பிடிக்கும் கம்பு என்று நினைத்துவிடக் கூடாது. அந்தமான் கடலில் விசைப்படகின் பின்பக்கம் நின்று, ஆள் நீளத்துக்கு மேலிருக்கும் மயில் மீனையும் அறுபது கிலோ சூரையையும் இழுக்கிற கம்பு. மீன் மாட்டிக்கொண்டு ஓடும்போது இருநூறு மீட்டர் நூல் ஒரே மூச்சில் இந்த வளையங்கள் வழியாகப் பாயும். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும், நூல் அறுந்து சாட்டை மாதிரித் திரும்பி வரும். இத்தனையும் செய்து பிடித்த மீனோடு, காசு கொடுத்துப் படகேறும் விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டு அதைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று சவுரியம்மாள் வேலையை நிறுத்திவிட்டு முதலாளியைப் பார்த்தாள். “கொழம்பு வெக்காத மீனுக்கு இவ்ளோ பேஜாரா பாய்?”

பாய் என்பது சமீருல்லா. ஆம்பூரில் மூன்று தலைமுறையாகச் செருப்பு, ஷூ கம்பெனிகளுக்குக் கயிறு கோக்கும் ஐலெட்டும் பக்கிளும் கொடுத்து வந்த குடும்பம். ஊரே அடைபட்டுக் கிடந்த வருஷம் கம்பெனிகள் ஆர்டரை நிறுத்த, போர்ட் பிளேயரில் இருக்கும் ஒரு தோஸ்த் உடைந்த கம்புகள் சில அனுப்பி, சரிசெய்து தர முடியுமா என்று கேட்டான். அப்படித் தொடங்கியது இந்தப் பட்டறை. சவுரியம்மாளுக்கு அப்போது வேலை போயிருந்தது. பத்தொன்பது வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் ஐலெட் பார்த்தவள். ஒரு ஷூவுக்குப் பன்னிரண்டு ஓட்டை. ஒரு நாளைக்கு எத்தனை ஷூ என்று அவளைக் கேட்டால் “அத்த எதுக்கு இப்போ” என்பாள். வளையத்தின் உள்விளிம்பில் விரலை ஒருமுறை ஓட்டினால் மேடு பள்ளம் அவளுக்குத் தெரிந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. கண் இப்போது அதற்கு உதவுவதும் இல்லை.

வேலை நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டாள். வளையத்தின் காலைக் கம்போடு சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் பசை பூச வேண்டும். விரலில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் அது பிடிக்காது. அதனால் திங்கள் முதல் சனி வரை பரட்டைத் தலையோடு மாதனூரில் பஸ் ஏறுகிறாள். அந்த நேரத்துக்குத்தான் அவள் கணவர் ராயப்பன் வேலூரில் ராத்திரிக் காவல் முடித்து அதே நிறுத்தத்தில் இறங்குவார். வீட்டுச் சாவி கை மாறும். “கஞ்சி மூடி வெச்சிருக்கேன்” என்பாள் அவள். “உம்” என்பார் அவர். வாரத்தில் ஆறு நாள் குடும்பம் நடப்பது அந்த நிறுத்தத்தில்தான். உட்கார இடம் கிடைத்தால் ஆம்பூர் வரும்வரை கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குவதில்லை, மூடிக்கொள்வது மட்டும்.

கம்புக்கு ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும், எந்த ஊரிலிருந்து போனில் பேசினாலும், அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “இன்னா நூலு போடப் போறீங்க?”

வளையத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, எஃகுச் சட்டத்துக்குள் வழவழப்பான பீங்கான் பதித்தது. மற்றது உருளை: சின்னச் சட்டத்துக்குள் கிணற்று ராட்டினம் மாதிரிச் சுழல்வது. பார்க்க உருளைதான் கம்பீரம். பெரிய மீன் என்றாலே உருளைதான் வேண்டும் என்று கேட்கிறவர்களே ஜாஸ்தி. தங்கூசி என்கிற ஒற்றை நைலான் இழையைப் போட்டால் அது நன்றாகவே ஓடும். ஆனால் இப்போது பலரும் தங்கூசியை விட்டுவிட்டு, மெல்லிழைகள் பலவற்றைப் பின்னிய பின்னல் நூலுக்கு மாறிவிட்டார்கள். பலம் அதேதான், பருமன் பாதிகூட இல்லை. உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பழுதுக்கு வந்த கம்புகளில், சட்டத்தின் உள்பக்கம் பிளேடால் கீறியது போன்ற கோடுகளைப் பார்த்துப் பார்த்து அவளாகவே கண்டுகொண்டாள். பட்டறை தொடங்கிய புதிதில் இந்தக் கேள்வி அவளிடம் இல்லை. கேட்டதைப் போட்டுக் கொடுத்தாள்.

ஆதிகேசவன் வந்தது போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம். அரக்கோணத்துக்காரர், முப்பது வருஷமாகப் போர்ட் பிளேயரில் படகு வைத்திருக்கிறார். பட்டறையின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். இதுவரை போனில் மட்டும் பேசியவர். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர், அப்படியே காட்பாடியில் ரயில் மாறி ஆம்பூரில் இறங்கிவிட்டார். புதுக் கம்பு எட்டு வேண்டும், எட்டுக்கும் உருளை.

“இன்னா நூலு?” என்றாள் சவுரியம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

“பின்னல்தான். இப்ப எல்லாரும் அதான் போட்றாங்க.”

“அப்ப உருளை ஆவாது.”

ஆதிகேசவன் சிரித்தார். “இன்னாம்மா, நாலு வருசம் முன்னாடி நீங்க குடுத்த ஆறு கம்பும் உருளைதானே? இன்னிக்கும் ஓடிக்கினுதான் இருக்குது.”

“அப்ப தங்கூசி இருந்திருக்கும்.”

“அத்த மாத்தி ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது. ஒண்ணும் ஆவல. வர்ற விருந்தாளிங்க உருளை பாத்தாதான் கம்புன்னு மதிக்கிறானுங்க. போட்டுக் குடும்மா.”

சமீருல்லா அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்துவிடுங்களேன் என்பது அதன் பொருள். எட்டுக் கம்பு சின்ன ஆர்டர் அல்ல. சவுரியம்மாளுக்கும் வாதாடத் தெம்பில்லை. முந்தின நாள் முழுக்க இடுப்பு வலி. இருந்தாலும் முழங்காலில் கையூன்றி எழுந்து, மூலையில் இருந்த உருளைக் கம்பு ஒன்றை எடுத்துத் தூணில் இருக்கும் கவ்வியில் பூட்டினாள். பின்னல் நூலைக் கோத்தாள். நூலின் நுனியில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிச் சமீருல்லாவிடம் கொடுத்தாள்.

“தூக்கிப் புடிங்க பாய். நூலு தொய்யட்டும். அப்டியே அந்தப் பக்கம் போங்க. இப்ப வுட்டுருங்க.”

மூட்டை விழுந்தது. தரையைத் தொடவில்லை. பாதியில் நின்று ஆடியது. நூல் மூன்றாவது உருளையின் ஓரச் சந்தில் இறங்கி, ஆணி அடித்தது போல் இறுகிக்கொண்டிருந்தது. கம்பு வில்லாக வளைந்து முனகியது. சமீருல்லா பிடியருகே நூல் சுற்றியிருந்த சக்கரத்தைத் தளர்த்திப் பார்த்தான். நூல் ஒரு விரற்கடை நகரவில்லை.

“மீனு படகுக்கு அடியில பாஞ்சு குறுக்கால ஓடும்னு சொல்லுவீங்களே,” என்றாள் சவுரியம்மாள். “அப்ப இப்டிதான் நிக்கும்.”

 ஆதிகேசவன் கம்பின் கிட்டே போய், மாட்டிக்கொண்ட நூலைத் தொடக் கையைக் கொண்டுபோனார். பிறகு சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எங்கிட்ட ஒரு பையன் இருக்கான். மதியழகன்னு பேரு. கடலூர்க்காரன், முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு கொழந்தைங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம், மீனு ஓடும்போது நூலு நின்னுபோச்சு. இவன் போயி கையால எடுத்துவுடப் பாத்தான். சடார்னு நூலு வுட்டுக்கிச்சு. வெரலச் சுத்திக்கினு போச்சு.” அவர் தன் இடது கையைத் தூக்கிக் கடைசி இரண்டு விரல்களைக் காட்டினார். “இது ரெண்டும் போச்சு. நான் திட்டுனேன். ஆஸ்பத்திரியில வெச்சே திட்டுனேன். ஓடுற நூல்ல எவனாவது கைய வுடுவானாடான்னு. அவனும் தப்பு என்னுதுதான் அண்ணேன்னு சொல்லிட்டான்.”



சமீருல்லாதான் முதலில் பேசினான். “அண்ணே, நாங்க குடுக்கும்போது தங்கூசின்னுதான் குடுத்தோம். நூல மாத்துனது நீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா…”

“தங்கூசின்னு குடுக்கல பாய்,” என்றாள் சவுரியம்மாள். “இன்னா நூலுன்னு நாம கேக்கவே இல்ல. அந்த ஆறுலயும் உருளை பொறுக்கிப் போட்டது நானு.”

“அக்கா, நீங்க சும்மா இருங்க.”

“ஏன் சும்மா இருக்கணும்? அந்த ஆளு ரெண்டு வருசமா தன் தப்புன்னு நெனச்சிக்கினு இருக்கான்.”

குரல் உயரவில்லை. சோறு வடித்தாயிற்றா என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே கவ்வியிலிருந்து கம்பைக் கழற்றினாள். அவள் அந்த ஆறு கம்புகளை நினைத்துப் பார்த்தாள். ஒன்றுமே நினைவில் வரவில்லை. கறுப்புக் கம்பா, நீலமா, என்ன நிற நூல் சுற்றினோம், எதுவும் இல்லை. அது ஒரு சாதாரண வாரமாக இருந்திருக்கும். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவசரமாகக் கை கழுவியிருப்பாள்.

“அவரு இப்ப இன்னா பண்றாரு?” என்று கேட்டாள்.

“என்கூடத்தான் இருக்கான். அவன வுட்டா படகுல எனக்கு ஆளு ஏது? மூணு வெரல்லயே கம்பு புடிக்கிறான்.”

“போனு போடுங்க.”

ஆதிகேசவன் தயங்கினார். சமீருல்லா வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது தடவை போட்டபோதுதான் லைன் கிடைத்தது. ஆதிகேசவன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னவோ தணிந்த குரலில் சொல்லிவிட்டு, போனை அவளிடம் நீட்டினார். அவள் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“தம்பி, நான் ஆம்பூர்லேர்ந்து பேசுறேன். கம்புக்கு வளையம் போட்றவ.”

“சொல்லுங்கக்கா.” காற்றும் எஞ்சின் சத்தமும் கலந்து வந்தது குரல்.

சொன்னாள். நூல் எப்படி நின்றது, உருளையின் சந்து எவ்வளவு, யார் எதைக் கேட்காமல் விட்டது என்று வரிசையாகச் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. “நீ கைய வுட்டது தப்பு இல்ல தம்பி. அது அங்க நின்னுருக்கவே கூடாது” என்று முடித்தாள்.



“அப்டிங்களா,” என்றான் மதியழகன். “என் சம்சாரம் கேட்டுக்கினே இருப்பாக்கா. ஏன் கைய வுட்ட, புள்ளைங்கள நெனச்சியான்னு. பதில் சொல்லத் தெரியாது எனக்கு.” மூக்கை உறிஞ்சினான். “இன்னிக்குப் போயிச் சொல்றேன்.”

“சொல்லு.”

“நாலு வருசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்க்கா நீங்க.”

“ஆமா,” என்றாள் சவுரியம்மாள்.

அவன் கோபமாகச் சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.  போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. யாரோ அவனை ஹிந்தியில் கூப்பிட்டார்கள். அவன் இரு என்று பதில் குரல் கொடுத்தான்.

“புதுக் கம்பு போட்றீங்களாமே. எட்டும் பீங்கான்தானே இந்தத் தடவ?”

“எட்டும்.”

“அதுல ஒண்ணு எனக்குன்னு தனியா போடுங்கக்கா. இப்ப இருக்குற கம்புல முதல் வளையம் புடிக்கு ரொம்பக் கிட்ட இருக்குது. இந்தக் கையில இறுக்கிப் புடிச்சா நூலு வந்து இடிக்குது. கொஞ்சம் தள்ளி, உசரமானதா பாத்துப் போட முடியுமா?”

“எவ்ளோ தள்ளி?”

“அது எப்டிச் சொல்றது… நீங்களே புடிச்சிப் பாத்தா தெரியும்.”

சவுரியம்மாள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த, இன்னும் வளையம் ஏறாத கம்பு ஒன்றை இழுத்து மடியில் வைத்தாள். இடது கையின் கடைசி இரண்டு விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மீதி மூன்று விரல்களால் அதைப் பிடித்தாள்.