ஓடையில் நின்ற வெள்ளை எஸ்யூவி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் மச்சானுக்கு நடந்ததை ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் சொல்கிறேன்.

மச்சான் மெக்கானிக். காட்டுப் பாதையில் மாட்டிக்கொள்ளும் வண்டிகளைத் தன் பழைய ஜீப்பால் இழுத்து வருவார். அன்று சாயங்காலம் 4.10க்கு போன். "ஓடையில மாட்டிக்கிட்டோம்... குழந்தை இருக்கு. சீக்கிரம் வாங்க."

போனார். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். நடுவில் ஒரு வெள்ளை எஸ்யூவி, கதவு வரை சேற்றில் புதைந்து நின்றது. கரையில் ஒரு ஆள். அவர் கையைப் பிடித்தபடி ஆறேழு வயதுச் சிறுமி.

"நாலு சக்கரமும் இழுக்கும்னு நெனச்சேங்க."

மச்சானுக்குப் பழகிப்போன புலம்பல். "உயரமா இருந்தா போதுமா சார்? இது குடும்பத்தோட ஊருக்குள்ள சுத்துற வண்டி. முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அது வழுக்கிட்டா அவ்ளோதான். என் ஜீப்புல நாலும் இழுக்கும், லோ கியரும் இருக்கு."

"விளம்பரத்துல மலையே ஏறுச்சே..."

கயிறு கட்டக் குனிந்தபோதுதான் மச்சான் பார்த்தார். கண்ணாடி முழுக்கச் சேறு... உள்பக்கம்.

சேற்றுக்குப் பின்னால் முன்சீட்டில் ஒரு பெண். அசையவில்லை.

ஒரு அடி பின்வாங்கினார். ஆனாலும் குழந்தை நிற்கிறதே!

4.52. லோ கியர் போட்டார். ஜீப் உறுமியது. நாலு சக்கரமும் மண்ணைக் கடித்து இழுத்தன. எஸ்யூவி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

அந்த ஆள் மெதுவாகச் சொன்னார். "எங்கள விடுங்க. இவள மட்டும் கூட்டிட்டுப் போங்க."

"சரி சார். ஆள் கூட்டிட்டு வரேன். பாப்பா, ஏறும்மா."

பாதை ஓடையை ஒட்டியே இறங்கியது. மூடுபனி.

சொட்... சொட்...

அவள் சீட்டிலிருந்து தண்ணீர். ஆனால் அவள் கவுன் காய்ந்திருந்தது.

5.14.

"மாமா, இங்கதான்."

"இங்க காடுதானேம்மா?"

திரும்பினார்.

சீட் காலி.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. சோதனைச் சாவடியில் போய்த்தான் நிறுத்தினார். எல்லாவற்றையும் கேட்ட காவலர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த வண்டிய எட்டு மாசம் முன்னாடி வெள்ளம் அடிச்சுது. நாங்கதான் தூக்கினோம். புருஷனும் பொண்டாட்டியும் உள்ளேயே இருந்தாங்க. பொண்ணு மட்டும் இன்னும் கிடைக்கல."

மறுநாள் காலை, சிறுமி மறைந்த இடத்துக்குக் காவலர்களை மச்சான் அழைத்துப் போனார். கரைக்குக் கீழே, சாய்ந்த மரத்தின் வேர்களுக்கடியில் தோண்டினார்கள்.

முழங்கால் ஆழத்தில் இருந்தாள்.