அக்கா எழுத மறுத்த எண்

அமெரிக்காவில், பார்சிப்பனி ஊரில், அக்கா வீட்டு டிவியில் அந்த அதிபர் வேட்பாளர் பேசியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தான் வந்தால் நாட்டின் பொருளாதார வளர்ச்சி இரண்டு மடங்காகும் என்றார். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது. சட்னி அரைத்துக்கொண்டிருந்த அக்கா மிக்ஸியை நிறுத்தி, "வாயாலயே வடை சுடறாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினாள்.

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் வளர்ச்சியைக் கணித்துச் சொல்வதுதான் அக்காவின் வேலையே. அவளுடைய அறிக்கையை நம்பித்தான் சின்னச் சின்ன கம்பெனிகள் கிடங்கு கட்டுவதா, ஆள் எடுப்பதா என்று முடிவு செய்யும். மறுவாரம் அவளுடைய டைரக்டர், வேட்பாளர் சொன்ன எண்ணையே கணிப்பாகப் போடச் சொன்னார். வாடிக்கையாளர்களுக்கு நல்ல செய்திதான் பிடிக்குமாம். தனி வரியில், ‘வேட்பாளரின் வாக்குறுதி’ என்று தலைப்பிட்டு வேண்டுமானால் போடுகிறேன் என்றாள் அக்கா. அவர் ஒப்பவில்லை. அக்காவும் அறிக்கையை அனுப்பவில்லை.

நான் அவளைத் திட்டினேன். விசாவில் இருப்பவர்களுக்கு வாய் எதற்கு என்பதுதான் அன்று என் கட்சி.

"எல்லாரும் போடற நம்பர்தானேக்கா? கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் நியாயம் பேசு."

"மேடையில சொன்னா அது அவர் ஆசை. ஷீட்ல நான் போட்டா அது என் வார்த்தைடா."

அடுத்த மாதம் வேலை போயிற்று. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று எல்லா நேர்காணலிலும் கேட்டார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். மூன்று இடங்கள் கைவிரித்தன. டெக்சாஸில் இருக்கும் கேட்டி என்ற ஊரிலிருந்து நான்காவது அழைப்பு வந்தபோது மிச்சம் பதினோரு நாள். "ஃபேமிலி ரீசன்னு சொல்லித் தொலையேன்க்கா" என்று கெஞ்சினேன். லேப்டாப் முன் உட்கார்ந்து மறுபடியும் நடந்ததையேதான் சொன்னாள். இங்கே கேட்டாலும் மறுப்பீர்களா என்று எதிர்முனைப் பெண்மணி கேட்டார். மறுப்பேன் என்றாள். கதவுக்கு வெளியே நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேலை கிடைத்தது. அது நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று நான் சொல்லமாட்டேன், கிடைக்காமலும் போயிருக்கலாம். அப்போதும் அவள் செய்தது சரிதான். தப்பு என் பக்கம்.

இப்போது இன்னொரு தேர்தல், இன்னொரு வேட்பாளர், அதைவிடப் பெரிய எண். அக்கா இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறாள். நேற்று போனில் கேட்டேன்: "உங்க ஆபீஸ்ல இந்த நம்பரைப் போடச் சொன்னா என்னக்கா பண்ணுவே?"

"சொல்லிப் பார்க்கட்டும்டா" என்றாள்.