வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிசு

தி. நகரில் மே மாதத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. "ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்கங்கம்மா, வளர்ற பிள்ளை." யூனிஃபார்ம் கடைக்காரர் சொல்வார். வேர்வை வழிய நிற்கும் அம்மாக்கள் தலையாட்டுவோம். பாவாடை விளிம்பை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் அடுத்த வருடம் பிரித்துக்கொள்ளலாம். பிள்ளை வளர்ந்து வந்து பாவாடையைப் பிடிக்கும். அதுவரை பாவாடை காத்திருக்கும். துணிக்குப் பொறுமை ஜாஸ்தி.

புத்தகத்தையும் நான் அப்படித்தான் வாங்கினேன். ஒரு சைஸ் பெரிசாக. தொண்ணூறுகளில் நான் செய்த தப்புகளில் இது ஒன்றைத்தான் விளிம்பு பிரித்துக்கூடச் சரிசெய்ய முடியவில்லை.

மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது. பதினெட்டில் படிக்க வேண்டியதை வாங்கிக் கொடுத்தேன். கேரம் போர்டு ஆடாமல் நிற்க அதை அண்டக் கொடுத்தான். இரண்டாமவளுக்கு ஒன்பது. அண்ணனின் தொளதொள சட்டைகளோடு அவன் படிக்காமல் விட்டதெல்லாமும் அவளிடம் வந்து சேர்ந்தது. கடைக்குட்டிக்கு ஐந்து. எங்கள் வீட்டில் புத்தகத்தை முழுமையாக உள்வாங்கியவன் அவன் ஒருவன்தான். ஓரங்களைத் தின்பான்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டியிருக்கலாம். ஆனால் அந்த வருடக் கோடையில் ஒரு வார இதழில் என் வசன கவிதை வெளியாகியிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்திருந்தேன். தற்செயலாக என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாமவள் குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். பிறகு கேட்டாள்:

"அம்மா, இதுல உன் பேர் எது?"

மூன்றாம் வகுப்பில் இரண்டாம் மொழிக்கென்று ஒரு படிவம் வந்திருந்தது. தமிழுக்கு ஒரு கட்டம், சமஸ்கிருதத்துக்கு ஒரு கட்டம். சமஸ்கிருதம் என்றால் மார்க் அள்ளலாம், தமிழுக்கென்ன, வீட்டில் பேசுகிறாள், தானாக வந்துவிடும் என்று மாட வீதி மொத்தமும் சொன்னது. தமிழில் எழுதுகிற நான், இரவும் பகலும் ஒரு சொல்லுக்காக நகத்தைக் கடிக்கிற நான், சமஸ்கிருதக் கட்டத்தில் டிக் போட்டேன். எதுவும் தானாக வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் படித்த எழுத்துகள் மட்டும், பழைய வாடகைக்காரர் விட்டுப்போன சாமான்களைப் போல அவளுக்குள் அங்கங்கே கிடந்தன.

கணவரைப் பார்த்தேன்.

"என்னை எதுக்குப் பார்க்கற? படிவத்துல கையெழுத்து உன்னுது" என்றார்.

என் பேர் எது என்று அவள் கேட்ட அன்றே முடிவு செய்தேன். பள்ளி திறப்பதற்குள் இவள் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தானாகப் படிக்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும். இல்லாவிட்டால் நான் எழுதுவதெல்லாம் என் மகளுக்கு விலாசம் மாறி வந்த தபால்.

முதலில் அடையாறு. ஏசி போட்ட கடை. மூன்று முதல் ஐந்து வயது, ஆறு முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று ஆங்கிலப் புத்தகங்கள் வயதுவாரியாக, பள்ளி அசெம்ப்ளி மாதிரி நின்றன.

"எந்த ஏஜ் குரூப் மேடம்?" என்று கேட்டாள் கடைப் பெண்.

"ஒன்பது. தமிழ்ல."

"தமிழா? சாமி புக்கெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு மேடம்."

வெளியே வந்தேன். தெருவெல்லாம் மஞ்சள் பூ உதிர்ந்து கிடந்தது. அதை ரசிக்கக்கூட மனமில்லாத கோபம். 5பி பஸ் பிடித்து தி. நகர் போனேன். ஒரு பதிப்பகத்தின் கடை. உள்ளே தூசியும் பசையும் கலந்த வாசனை. "சிறுவர் நூல்" என்று ஒரு அலமாரி, அதன் முன்னால் ஸ்டூலில் ஒருவர்.

"ஒன்பது வயசுக்கு எது சார்?"

"சிறுவர்னா சிறுவர்தாம்மா. அஞ்சுலருந்து பதினஞ்சு வரைக்கும் எல்லாம் ஒண்ணுதான்."

"அஞ்சு வயசும் பதினஞ்சும் எப்படி சார் ஒண்ணாகும்?"

"வாங்கிப் போங்கம்மா. வளர்ற பிள்ளைதானே."

வாங்கிப் போனேன். வேறென்ன செய்ய? ஆறு புத்தகங்கள். கடைக்குட்டிக்கு வாங்கியதில் காக்கை அரைப் பக்கம் வந்தது, நீதி ஒரு பக்கம் வந்தது. மூத்தவனுக்கு வாங்கியது பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு. எல்லோரும் ஏழையாகப் பிறந்து தெருவிளக்கின் கீழே படித்திருந்தார்கள்.

"நம்ம தெருவிளக்கு எரியறதே இல்லியேம்மா, நான் எப்படிப் பெரியாளாறது?" என்று கேட்டுவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டாமவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக, ஈரத் தரையில் நடப்பவள் மாதிரி வந்தாள். நாலாவது வரியில் நின்றாள்.

"கூறினான்னா என்னம்மா? கத்திரிக்கா மாதிரி கூறு கட்டினானா?"

"சொன்னான்னு அர்த்தம்."

"அப்ப சொன்னான்னு போடலாம்ல? இந்த புக்ல யாருமே பேச மாட்டாங்களா? ஒருத்தன் கூறறான், இன்னொருத்தன் வினவறான்."

மூத்தவன் வாசலிலிருந்து கத்தினான். "சமஸ்கிருத பண்டிதைக்குக் கத்திரிக்கா ஒரு கூறு!"

"போடா எருமை! எங்க மிஸ் சொல்லித்தர்றதுல நாலு க இருக்கு, நாலுக்கும் நாலு லெட்டர். தமிழ்ல ஒரே ஒரு க-வ வெச்சுட்டு, எந்த க-ன்னு நம்மளையே கண்டுபிடிக்கச் சொல்றாங்க. சோம்பேறிங்க."

ஒரு மொழியை மொத்தமாக ஒன்பது வயதுக்காரி வைதுவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே நீதி கொட்டை எழுத்தில் காத்துக்கொண்டிருந்தது.

"கதைதான் முடிஞ்சிடுச்சே. அப்புறம் எதுக்கும்மா திட்டறாங்க?"

அந்த ஆறு புத்தகங்களையும் தூக்கிப் பரண்மேல் போட்டேன். போட்ட வேகத்தில் பல்லி ஒன்று விழுந்தது.

மே கடைசியில், லஸ் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் போய் நின்றேன். அவளும் கூட வந்திருந்தாள், கரும்புச்சாறு ஆசையில்.

"இன்னாம்மா, பாப்பாவுக்கா? இன்னா கிளாஸு?"

"அஞ்சாவது போறா."

"அஞ்சாவதா? ஆறாவது கைடு கீது, எட்த்துக்க. வளர்ற புள்ள."

எனக்கு அழுகை வரும்போலிருந்தது. இந்த ஊரில் யாருமே ஒரு குழந்தையை அது இருக்கிற அளவில் பார்க்க மாட்டார்களா? நான் பார்த்தேனா? போதும் என்று தோன்றிவிட்டது. எனக்காக மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டேன். வார இதழில் வந்த பழைய தொடர்கதை. வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவார்கள். அந்நாளில் பாதி வீடுகளின் நூலகமே அதுதான். யாரோ ஒருத்தி சோறு வடித்துவிட்டு வந்து கிழித்துச் சேர்த்த கதை, எடைக்குப் போய், நடைபாதைக்கு வந்து, என் பையில் ஏறியது.

வீட்டில் அது கட்டில்மேல் கிடந்தது. பின்பக்கமெல்லாம் இதழின் மிச்சம்: பாதி விளம்பரம், பாதி சமையல் குறிப்பு, துணுக்குகள். இரண்டாமவள் குப்புறப் படுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். படம் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று, "அம்மா! இங்க வா! 'டாக்டர், எனக்குத் தூக்கமே வரதில்ல.' 'நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?' அப்புறம் ஒண்ணுமே இல்ல!"

பைண்டர் ஓரத்தைச் சீவும்போது ஜோக்கின் கடைசி வரியையும் சேர்த்துச் சீவியிருந்தார்.

"கத்தியில போயிடுச்சு" என்றேன்.

"கூர்க்கான்னு இருக்கும், மக்கு" என்றான் மூத்தவன்.

"இருக்கும்னா? எழுதியிருக்கணும்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் படித்திருக்கிறாள். யாரும் கூப்பிடாமல், யாரும் பக்கத்தில் உட்காராமல். நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. துணுக்கிலிருந்து துணுக்குக்குத் தாவினாள். துணுக்கு தீர்ந்தபின், வேறு வழியில்லாமல், கதைப் பக்கத்துக்குத் திரும்பினாள். அங்கே ஒரு மலை பங்களா, ஒரு கிணறு, கிணற்றில் தள்ளப்பட்ட ஒரு இன்ஸ்பெக்டர். அந்தக் கதையில் மனிதர்கள் பேசினார்கள். கத்தினார்கள். வைதார்கள்.

"இது பெரியவங்க கதையாச்சே" என்றார் கணவர்.

"அவன் கிணத்துக்குள்ளதானே இருக்கான். பேசாம இருங்க."

ஐந்து நாள் படித்தாள். ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நான்கு பக்கம். சாப்பாட்டுத் தட்டருகே, ஜன்னல் கம்பியில் கால் வைத்து. ஆறாம் நாள் வீடு அதிரக் கத்தினாள். பதின்மூன்றாம் வாரத்தில் வில்லன் கிணற்றைக் கல்லால் மூடுகிறான். பக்கத்தைத் திருப்பினால் பதினாறாம் வாரம். இன்ஸ்பெக்டர் வராந்தாவில் உட்கார்ந்து, காபியில் சர்க்கரை தூக்கல் என்கிறார்.

"எப்படிம்மா வெளிய வந்தான்?"

"நீயே யோசிச்சுப் பாரேன். கற்பனை பண்ணு."

"அது சீட்டிங்."

என்னை இழுத்துக்கொண்டு லஸ்ஸுக்குப் போனாள். கடைக்காரர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ரெண்டு வாரம் அந்த வூட்ல ஊருக்குப் போய்க்கிறாங்க பாப்பா. பொஸ்தகம் போட வேணாம்னு சொல்லிருப்பாங்க."

"அவங்க ஊருக்குப் போனா இன்ஸ்பெக்டர் கிணத்துலயே கிடக்கணுமா?"

"அதான் வந்துட்டாருல்ல, காபி குட்ச்சிக்கினு கீறாரே!" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுக்கி வைத்திருந்த பழைய இதழ்களின் முன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். வெயில் என் உச்சந்தலையைத் துளைத்தது. பேருந்துகள் புழுதியை வாரி இறைத்தன. அரை மணி நேரம். "வாடி" என்றேன், "வரியா இல்லியா" என்றேன், "உன்னை இங்கேயே வித்துட்டுப் போயிடுவேன்" என்றேன். கோடை முழுக்க இவளைப் படிக்கச் சொல்லித் தொண்டை வறண்டவள், நடைபாதையில் நின்று, படித்தது போதும் எழுந்திரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வாரமும் கிடைக்கவில்லை.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. பாவாடை விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டிலிருந்த பழைய இதழ்களையும் இறைத்துப் போட்டுக் கிணற்றிலிருந்தவனைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் கை நின்றது. எழுத்துக்கூட்டி ஒரு பெயரைப் படித்தாள். நடுவில் வரும் க-வை வல்லினமாக, கல் விழுகிற மாதிரி உச்சரித்தாள். என்னை அப்படி யாரும் அழைத்ததே இல்லை.

"அம்மா, இது நீதானே? உன் பேர்ல இது எந்த க?"

ஊசி கையில் குத்தியது. நான் தலை நிமிரவில்லை. அவள் கவிதையைப் படித்தாள். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. முதல் வரி, இரண்டாம் வரி, கடைசி வரி. பிறகு தாளைத் திருப்பினாள். பின்னால் கேஸ் அடுப்பு விளம்பரம். மறுபடி திருப்பினாள்.

"மீதி எங்கம்மா?"

"அவ்ளோதான்டி."

"கத்தியில போயிடுச்சா?"

"இல்ல. அதுவே அவ்ளோதான். முடிவை நீயே யோசிச்சுக்கணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயுமா?" என்றாள். "சீட்டிங்."