திரும்ப அளந்த கிணறுகள்

ஓய்வுபெற்ற பிறகும் ஒரு சிறு கம்பனி என்னை ஒப்பந்தப் பொறியியலாளனாக வைத்திருந்தது. உள்துறைமுகத்தைப் பார்த்த மாடிவீடு ஒன்றுதான் அலுவலகம். கீழ்வீடு பூட்டிக் கிடக்கும். மேலே இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, நான். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் கனடாவில். யாரோடும் ஒரு சொல் பேசாமல் பொழுதுபட்ட நாட்கள் பல.

போன வருடம், வறண்ட கச்சான் காற்று வீசும் பல்கலைக்கழக விடுமுறையில், பயிற்சிக்கு ஒரு மாணவி வந்தாள். சம்மாந்துறைப் பிள்ளை. கிண்ணியாவில் தாயின் தங்கையான சாச்சி வீட்டில் தங்கியிருந்தாள். இறக்கக்கண்டிக் கடலோரக் கிணறுகளில் கடலுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மீற்றர் விட்டு அளப்பது அவள் வேலை. பின்னேரம் வந்து அளவுகளை வரைபடத்தில் குறிப்பாள். நான் தேநீர் ஊற்றுவேன்.

ஒருநாள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "சேர், இந்தத் தேத்தண்ணிக்கும் மீற்றர விட்டுப் பார்ப்பமா?" என்றாள். சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருந்தேன். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

அவள் கெட்டிக்காரி. வேலை முந்தியே முடிந்துவிட்டது.

"சேர், வாப்பா கட்டார்ல இருந்து வாறார். ஒரு கிழமைதான் லீவு. நான் நேரத்தோட வீட்ட போகட்டா?"

"நாளைக்குச் சொல்லுறன், பிள்ளை" என்றேன்.

அவள் போனபின் மீற்றரைப் பார்த்தேன். உப்பளவு தெரிந்த ஒரு கரைசலில் அதைத் தினமும் சரிபார்த்த பிறகுதான் கிணற்றில் விடவேண்டும். அந்தக் கரைசல் போத்தலின் மூடி தளர்ந்திருந்தது. புதுக் கரைசல் போத்தலைத் திறந்து அதில் சோதித்தேன். மீற்றர் சரியாகவே காட்டியது. அவளை அனுப்ப ஒரு தடையும் இல்லை.

காலையில் அவளிடம் சொன்னேன்: "மூடி இறுக்கமில்லை. கரைசல் ஆவியாகியிருக்கும். உங்கட அளவுகளை நம்ப ஏலாது. எல்லாக் கிணறையும் திருப்பி அளக்கவேணும்."

அவள் முகம் வாடியது. "என்ட பிழைதான், சேர்" என்றாள்.

இந்த முறை நானும் கூடப் போனேன். முதல் வீட்டு வளவிலேயே ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "என்ன தங்கச்சி, எங்கட கிணறு சோதனையில பெயிலா? திரும்ப எழுத வந்திட்டீங்க?" என்றாள். மாணவி சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆனாலும் மாலையில் அவள் எதிரில் வந்து இருக்கப்போகிறாள் என்று மனம் குதூகலித்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடைசிக் கிணற்றடியில் நின்றபோது, லீவு முடிந்து மகளைக் காணாமலே திரும்பிக்கொண்டிருந்த அவளுடைய தகப்பன் விமான நிலையத்திலிருந்து அழைத்தார்.

"இல்ல வாப்பா, என்ட கவனக்குறைவுதான். சேர் நல்லவர். அவர் கண்டுபிடிக்காட்டி எல்லாம் பிழைச்சிருக்கும்."

வாளிக்கயிற்றைப் பிடித்தபடி அப்பால் திரும்பி நின்று பேசினாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் முறையும் அளவுகள் மாறவில்லை. "ஒண்டும் மாறல்லயே, சேர்" என்றாள். "நல்லதுதானே" என்றேன். அவள் இரண்டு முறை அளந்த பட்டியல்களையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தாள். அடுத்த நாள் ஊருக்குப் போய்விட்டாள்.

போன மாதம் அவளை அழைத்து, மீற்றர் சரியென்று எனக்குத் தெரிந்திருந்ததைச் சொன்னேன். தனிமை பொறுக்காமல் மறித்தேன் என்றும் சொன்னேன்.

"இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே, சேர்" என்றாள். பிறகு, "இல்ல, கேட்டிருந்தாலும் நான் போயிருப்பன்."

"ஓம் பிள்ளை. அது தெரிஞ்சுதான் கேக்கேல்லை."

"வாப்பாட்ட இப்ப நான் என்னண்டு சொல்லுற?"

அவளே தொலைபேசியை வைத்தாள்.